வாய்ப்புற்றுநோய் ஆய்வும் உழைக்கும் மக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

1

மருத்துவ ஆய்வின் வரலாற்றை எழுதப் புகும் இலக்கிய மாணவர் முதலில் ஓர் ஐயத்துக்கு விடை கூறவேண்டியவராகின்றார். மருத்துவரல்லாத நமக்கு இத்துறையிற் பேச என்ன தகுதியுண்டு என்பதே அவ்வையம். நோயைக் கண்டறிவதிலோ குணப்படுத்துவதிலோ நமக்குத் தகுதி எதுவுமில்லை. ஆனால், மருத்துவக் கட்டுரையும் ஒரு காலத்தின் எழுத்தே. யார் எதனை வினாவாக எழுப்பினர், யாருடைய உடலிலிருந்து விடை பெறப்பட்டது, பெறப்பட்ட விடை யாரைச் சென்றடைந்தது ஆகிய மூன்றும் இலக்கியத்தின் சமூக அடிப்படைகளை ஆராய்வோர் நன்கு பழகிய வினாக்களேயாம். அவற்றைத் தலை, கழுத்துப் புற்றுநோய்கள் பற்றிய ஆய்வுகளின்மீது, சிறப்பாக வாய்ப்புற்றுநோய் ஆய்வுகளின்மீது, எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாய்ப்புற்றுநோயைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணமுண்டு. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. தென்னிந்தியாவிலும் இதன் சுமை பெரிது. அதனினும் முக்கியமானது பிறிதொன்று. உடலின் உள்ளே மறைந்து வளரும் ஏனைய பல புற்றுநோய்களைப் போலன்றி இது கண்ணுக்குத் தெரிவது, விரலுக்கு எட்டுவது. வாயைத் திறக்கச் செய்து, நல்ல வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறத்தையும் நாவின் ஓரங்களையும் நாவடியையும் பார்த்தால், நோய் வருமுன்னரே அதன் முன்னறிகுறிகளான வெண்படலத்தையும் செம்படலத்தையும் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். அவ்வாறிருந்தும் நமது பிரதேசத்து நோயாளர் பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே வைத்தியசாலைக்கு வருகின்றனர். காணக்கூடிய நோய் ஏன் காணப்படாமற் போகின்றது? இவ்வினாவுக்கு ஆய்வுகூடத்தில் மட்டும் விடை தேடினால் அது கிடைக்கமாட்டாது என்பதே நமது கருத்து.

2

தலை, கழுத்துப் புற்றுநோய்களின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஓர் அரசரின் தொண்டையைப் பற்றியது. 1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் குரல் கம்மியது. ஜேர்மனிய வைத்தியர்கள் குரல்வளைப் புற்றுநோய் என ஐயுற்றுச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாயினர். இலண்டனிலிருந்து அழைக்கப்பட்ட மொரெல் மெக்கென்சி, இழையத் துண்டொன்றை எடுத்துச் சோதித்த பின்னரே முடிவுசெய்ய வேண்டுமென்றார். அக்காலத்தின் தலைசிறந்த நோயியலறிஞரான ருடோல்ஃப் விர்ஷோ அத்துண்டுகளிற் புற்றுநோயைக் காணவில்லை. சத்திரசிகிச்சை கைவிடப்பட்டது. நோயோ முன்னேறியது. 1888 மார்ச்சிற் பேரரசரான பிரெடரிக், 99 நாட்களே ஆண்டு, அவ்வாண்டு ஜூன் 15ஆந் தேதி இறந்தார். இழையப் பரிசோதனையின் மறுப்பு விடை நோயில்லை என்பதற்குச் சான்றாகாது, துண்டு எவ்விடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும் என்ற பாடத்தை மருத்துவ உலகம் ஓர் அரச மரணத்தின் வாயிலாகக் கற்றுக்கொண்டது.

இரண்டாவது பாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. வாயிலும் தொண்டையிலும் தோன்றும் புற்றுநோய் கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுகின்றது. கட்டியை மட்டும் அகற்றிக் கணுக்களை விட்டுவிட்டால் நோய் மீண்டெழும். கிளீவ்லாந்து நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோர்ஜ் கிரைல், 132 சத்திரசிகிச்சைகளின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, கழுத்துக் கணுக்களை ஒரே தொகுதியாக வெட்டியகற்றும் முறையை 1906இல் வெளியிட்டார். கழுத்துச் சத்திரசிகிச்சையின் தொடக்கப் பத்திரமாக இன்றும் அது போற்றப்படுகின்றது.

இதற்கு இரண்டாண்டுகளின் பின், 1908இல், பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் வேறொரு கட்டுரை வெளியாயிற்று. அதன் ஆசிரியர் தென்திருவிதாங்கூரின் நெய்யூரிலிருந்த இலண்டன் மிசன் வைத்தியசாலையைச் சேர்ந்த பென்டல். நெய்யூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ளது. 1956 வரை அது மலையாள நாட்டு அரசின் ஆளுகைக்குட்பட்ட தமிழ் நிலமாயிருந்தது. 1838இல் தொடங்கப்பட்ட மருத்துவ மிசனின் வழிவந்த அவ்வைத்தியசாலையிற் காணப்பட்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய சுருக்கமே அக்கட்டுரை. அவற்றுட் பெரும்பகுதி வாய்ப்புற்றுநோய்.

கிளீவ்லாந்தின் 132 சத்திரசிகிச்சைகளையும் நெய்யூரின் 1,700 நோயாளரையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. முன்னையவை ஒரு சிகிச்சை முறையாயின. பின்னையவை 'இந்நாட்டில் இந்நோய் மிகுதி' என்ற புவியியற் செய்தியாயின. குடியேற்ற நாடுகள் மூலப்பொருளை வழங்க, அது முடிவுப் பொருளாக ஆலை நாடுகளில் உருப்பெற்ற பொருளாதார அமைப்பை நாம் அறிவோம். அறிவுத்துறையும் அதற்கு முற்றும் புறம்பாக இயங்கவில்லை. ஆயின், நெய்யூர் வைத்தியர்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. பனையேறிகளும் வயற்கூலிகளும் நிறைந்த அப்பகுதியில் அவர்கள் கத்தியோடும், பின்னர் ரேடியத்தோடும் பணியாற்றினர், கூர்ந்து நோக்கினர், நோக்கியதை எழுதிவைத்தனர். எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இடம்பெற்றுப் புகழடைந்த ஹோவார்ட் சோமர்வெல், அப்புகழை விட்டு இவ்வைத்தியசாலையிற் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். தனிமனிதரின் அர்ப்பணிப்பும் அவர் நின்றியங்கிய அமைப்பின் இயல்பும் இருவேறு விடயங்கள். ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தல் வரலாற்று நெறியாகாது.

3

நெய்யூரில் எழுந்த அடுத்த வினா, நோய் ஏன் வருகின்றது என்பது. 1933இல் ஐ. எம். ஓர் என்பவர் திருவிதாங்கூரின் வெற்றிலை மெல்வோரிடையே காணப்படும் வாய்ப்புற்றுநோயைப் பற்றி இலண்டனின் 'லான்செட்' இதழில் எழுதினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவை சேர்ந்த கலவை கன்னத்தில் எவ்விடத்தில் அடக்கி வைக்கப்படுகின்றதோ, அவ்விடத்திலேயே புண் தோன்றுவதைத் தென்னாசிய வைத்தியர்கள் கண்டனர். ஐரோப்பாவில் நாவும் உதடும் முக்கியமாயிருக்க, நமது பிரதேசத்திற் கன்னத்தின் உட்புறமும் முரசும் முதன்மை பெற்றமைக்கு இதுவே விளக்கம்.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தவராகிய நாம் சற்று நிற்கவேண்டியுள்ளது. திருவிதாங்கூர் மக்கள் மென்ற புகையிலை எங்கிருந்து சென்றது? ஒல்லாந்தர் காலத்திலிருந்தே யாழ்ப்பாணப் புகையிலையின் தலையாய சந்தை திருவிதாங்கூர் என்பது நமது பொருளாதார வரலாற்றின் பாலபாடம். அந்நாட்டரசு புகையிலையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது; 1860களில் ஏகபோகத்தைக் கைவிட்டு இறக்குமதி வரியை விதித்தது. இருமுறையிலும் அரச வருவாயின் முக்கிய ஊற்று அதுவாயிற்று. குடாநாட்டின் கமக்காரர் அப்பயிரை 'மலையாளப் புகையிலை' என்றே வழங்கினர். கூட்டுறவுச் சங்கமொன்றும் அப்பெயரைத் தாங்கியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சந்தை சுருங்கியபோது குடாநாடு நெருக்கடிக்குள்ளானது.

தோட்டத்துக் கிணற்றில் இறைத்து வளர்த்த அப்பயிரின் காசு பள்ளிக்கூடங்களாகவும் கோயில்களாகவும் சீதனமாகவும் உருமாறியதை நமது வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். மறுகரையில் அது எவ்வாறு உருமாறியது என்பதை எழுதியவர்கள் நெய்யூர் வைத்தியர்கள். பண்டம் சந்தையில் விலையாக மட்டுமே தோன்றுகின்றது. அதனை ஆக்கியவரின் உழைப்பும் நுகர்ந்தவரின் உடலும் மறைந்துவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட நோயாளியையும் ஒரு குறிப்பிட்ட தோட்டத்தையும் இணைப்பதன்று நமது நோக்கம். நமது கல்விப் பெருமையின் பொருளாதார அடித்தளமும் இந்நோயின் வரலாறும் ஒரே வாணிப உறவின் இரு முனைகள் என்பதை மனங்கொள்ள வேண்டும் என்பதே. குடியேற்றவாதத்தைக் குற்றஞ்சாட்டும்போது நம்மை அதற்கு முற்றிலும் வெளியே நிறுத்திக்கொள்ள இயலாது.

4

இக்கட்டுரைகளின் மொழியை இலக்கிய மாணவர் என்ற நிலையில் நோக்குமிடத்து ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்கின்றோம். அது 'பழக்கம்' என்பது. நோயாளிக்கு வயதுண்டு, பாலுண்டு, மதமும் சாதியும்கூடச் சில வேளைகளிற் குறிக்கப்படுகின்றன. பழக்கம் தவறாது குறிக்கப்படுகின்றது. அவர் என்ன வேலை செய்தார், எத்தனை மணிநேரம் செய்தார், அவ்வேளையில் என்ன உண்டார் என்பன அரிதாகவே இடம்பெறுகின்றன. பழக்கம் என்ற சொல் ஒரு செயலை அதன் சூழலிலிருந்து பிரித்தெடுத்து மனிதனின் குணமாக்கிவிடுகின்றது.

மலையகத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் இரு கைகளும் செடியின் மேலிருக்கின்றன. குளிரிலும் மழையிலும், பசி மந்திக்க, நேரம் போக, வாயொன்றே அவளுக்கு எஞ்சியிருக்கின்றது. அடக்கி வைத்த வெற்றிலை கையை வேண்டுவதில்லை, வேலையை நிறுத்துவதில்லை, கங்காணியின் கண்ணையும் உறுத்துவதில்லை. வேலை நாளின் நீளத்தோடும் கூலியின் குறைவோடும் இவ்வளவு பொருந்திப் போகும் ஒன்றை வெறும் பழக்கமென்று கூறுதல் பாதி உண்மையே. மத்திய இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப்புற்றுநோயையும் அதன் முன்னிலைகளையும் தேடிய ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. தொழிலைக் கொண்டு ஒரு மக்கட் கூட்டத்தை அது வரையறுத்தமை நாம் வரவேற்கவேண்டிய மாற்றமாகும்.

எனினும் முற்போக்காளரிடையே காணப்படும் எதிர்த் தவறொன்றையும் சுட்டவேண்டும். மேனாட்டவர் நமது பண்பாட்டைப் பழித்தனர் என்பதற்காக அப்பண்பாட்டின் ஒவ்வொரு கூறையும் காத்து நிற்க முனைதலே அது. விருந்தோம்பலிலும் மணவினையிலும் தாம்பூலம் பெறும் இடத்தைப் பற்றி நாமும் உவகையோடு எழுதியிருக்கின்றோம். புகையிலையே குற்றவாளி, வெற்றிலையும் பாக்கும் தூய்மையானவை என்ற ஆறுதல் நீண்டகாலம் நிலவியது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் வெளியிட்ட மதிப்பீடும் புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கு எதிராக மட்டுமே உறுதியான முடிவைக் கூறிற்று. ஆனால், 2004இல் வெளியான அதன் மறுமதிப்பீடு, புகையிலை சேராத வெற்றிலைக் கலவையும், பாக்கு தன்னளவிலும், மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பவை என முடிவுசெய்தது. பாக்கை மெல்வோரின் வாய்ச்சளிப்படலத்தின் கீழ் நார் இறுகி, வாய் திறக்க இயலாதவாறு ஒடுங்கும் நோய் 1950களிலிருந்தே இந்திய மருத்துவ எழுத்தில் விவரிக்கப்பட்டு வந்துள்ளது. அதுவும் புற்றுநோயின் முன்னிலைகளுள் ஒன்று. சர்க்கம் சார்ந்த விளக்கம் எத்துணை அவசியமாயினும் பாக்கின் இரசாயனத்தை அது மாற்றிவிடமாட்டாது என்பதையும், வர்க்க நிலைமையே அவ்விரசாயனம் யாருடைய வாயில் எத்தனை மணிநேரம் தங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றது என்பதையும் ஒருங்கே காண்பதுதான் இயங்கியல் நோக்காகும்.

5

இலங்கையில் இத்துறையின் ஆய்வு மரபு இளையதன்று. 1943இற் கொழும்பிற் தொடங்கிய பல்வைத்தியக் கல்வி 1954இற் பேராதனைக்குப் பெயர்ந்தது. 1949இலேயே டபிள்யூ. பாலேந்திரா, வெற்றிலை மெல்லுதல் வாயின் இழையங்களில் விளைக்கும் மாற்றங்களையும் கன்னப் புற்றுநோயோடு அதற்கிருக்கக்கூடிய தொடர்பையும் பற்றிப் பிரித்தானியப் பல்வைத்திய இதழில் எழுதியிருந்தார். 1958இல் மகரகமையிற் புற்றுநோய் வைத்தியசாலை நிறுவப்பட்டது. ஆயினும் வைத்தியசாலையில் அமர்ந்து நோயாளியை எதிர்பார்த்திருக்கும் முறையை மாற்றிய முயற்சி 1980களிலேயே வந்தது.

சமன் வர்ணகுலசூரியவும் அவர்தம் சகாக்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வு அதுவாகும். கிராமங்களில் ஏற்கெனவே பணிபுரிந்துகொண்டிருந்த அடிப்படைச் சுகாதார ஊழியர் 34 பேருக்கு வாயைப் பரிசோதிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஓராண்டிலே அவர்கள் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமவாசிகளின் வாயைப் பார்த்தனர். நூற்றுக்கு நான்கு பேரளவில் ஐயத்துக்குரிய மாற்றங்கள் காணப்பட்டு, மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டனர். நிபுணரின் கண்ணுக்கு மட்டுமே உரியதெனக் கருதப்பட்ட ஆற்றலைச் சாதாரண ஊழியரும் பெறலாமென்பது மெய்ப்பிக்கப்பட்டது. வளரும் நாடுகள் பலவற்றுக்கு இது முன்மாதிரியாயிற்று.

ஆனால், அவ்வாய்வின் மற்றொரு முடிவே நம்மை அதிகம் சிந்திக்க வைக்கின்றது. அனுப்பப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரே மேற்பரிசோதனைக்கு வந்தனர்.

அந்த மற்றப் பாதியினரை அறியாமையிலுள்ளோர் என்று கூறி அமைவது எளிது. வலியற்ற வெண்படலமொன்றுக்காகப் பேருந்துக் கூலி கொடுத்து நகரத்துக்குச் செல்வதென்பது நாட்கூலிக்காரருக்கு எத்தகைய முடிவு என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவருக்கு அன்றைய 'பேர்' போய்விடும். குழந்தையைப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். வைத்தியசாலையிற் பேசப்படும் மொழி அவருடைய மொழியாயிருத்தல் வேண்டும். மருத்துவம் இலவசமாயிருக்கும் நாட்டிலும் மருத்துவத்தைச் சென்றடைதல் இலவசமன்று. காணக்கூடிய நோய் ஏன் காணப்படாமற் போகின்றது என்ற நமது வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி இங்குண்டு. நோயைக் கண்ட பின்னரும் அது சிகிச்சையாக மாறுவதற்கிடையில் ஒரு நாட்கூலி குறுக்கே கிடக்கின்றது.

வாயைப் பார்ப்பதால் உயிர் பிழைக்குமா என்ற அடுத்த வினாவுக்கு விடை கேரளத்திலிருந்து கிடைத்தது. திருவனந்தபுரத்தை அடுத்த 13 பஞ்சாயத்துகளில், 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,90,000 பேரைக் கொண்டு, 1996 முதல் 2004 வரை எழுமாற்று ஆய்வொன்று நடந்தது. 7 பஞ்சாயத்துகளிற் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுதோறும் சென்று மும்முறை வாயைப் பரிசோதித்தனர். 6 பஞ்சாயத்துகள் ஒப்பீட்டுக்காக வழமையான சேவையோடு விடப்பட்டன. சங்கரநாராயணனும் பிறரும் 2005இல் வெளியிட்ட முடிவின்படி, முழு மக்கட் தொகையிற் காணப்பட்ட மரணக் குறைவு புள்ளியியல் அடிப்படையில் உறுதியானதன்று. ஆனால், புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 வீதத்தாற் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதிற் பயன்படவில்லை. பயின்ற கண்களும் வீடுவரை நடந்த கால்களுமே பயன்பட்டன. இங்கும் அனுப்பப்பட்டோரில் ஐந்தில் மூன்று பங்கினரளவிலேயே மேற்பரிசோதனைக்கு வந்தனர்.

6

சிகிச்சை ஆய்வுக்கு வருவோம். கழுத்திற் கணு எதுவும் தட்டுப்படாத தொடக்கநிலை வாய்ப்புற்றுநோயிற் கட்டியை அகற்றும்போதே கழுத்துக் கணுக்களையும் அகற்றவேண்டுமா, அன்றிக் கணு தோன்றும்வரை காத்திருக்கலாமா என்பது கிரைலுக்குப் பின் பல்லாண்டுகள் தீராதிருந்த விவாதம். 1941இல் நிறுவப்பட்ட பம்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையில் அனில் டிகுருசும் சகாக்களும் அதனை எழுமாற்று ஆய்வுக்கு உட்படுத்தி 2015இல் முடிவை வெளியிட்டனர். உடனே கணுக்களை அகற்றியவர்களுள் மூன்றாண்டுகளின் பின் 80 வீதத்தினர் உயிரோடிருந்தனர்; காத்திருந்தவர்களுள் 67.5 வீதத்தினரே இருந்தனர். 1906இற் தொடங்கிய வினாவுக்கு விடை, நோயாளர் நிறைந்த நாட்டில், அந்நாட்டு ஆய்வாளராலேயே காணப்பட்டது. பென்டலின் காலத்திற் செய்தியாக மட்டும் நின்ற உடல்கள் இப்போது விடையாகவும் மாறின. இது சிறிய மாற்றமன்று.

இதே காலத்தில் மேனாட்டு ஆய்வின் கவனம் வேறு திசையிற் சென்றுகொண்டிருந்தது. மனித பப்பிலோமா வைரசால் உண்டாகும் தொண்டைப் புற்றுநோய் அங்கு பெருகியது. அந்நோயாளர் சிகிச்சையால் நன்கு தேறுவதால், சிகிச்சையின் கடுமையை எவ்வாறு குறைக்கலாம் என்பது அவர்களது தலையாய வினாக்களுள் ஒன்றாயிற்று. அது நியாயமான வினாவே. ஆனால், நமது கன்னப் புற்றுநோய்க்காரரின் வினா அதுவன்று. ஆய்வுப் பணம் எந்நாட்டில் உள்ளதோ அந்நாட்டின் நோயே உலகின் நோயாகத் தோற்றமளிக்கும் அபாயம் இங்குண்டு.

டாட்டா வைத்தியசாலையிலிருந்து 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இம்முரண்பாட்டின் உச்சத்தைக் காட்டுகின்றது. உடலின் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப் என்ற மருந்து, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளரின் ஆயுளை நீட்டுவது மேனாடுகளில் நிறுவப்பட்டிருந்தது. அங்கு அதன் வழமையான அளவு இரு வாரத்துக்கொருமுறை 240 மில்லிகிராம். இந்திய நோயாளருள் மிகச் சிலரே அவ்விலையைக் கொடுக்கக்கூடியவர். ஆகவே விஜய் பாட்டீலும் சகாக்களும் மூன்று வாரத்துக்கொருமுறை 20 மில்லிகிராமை, மலிவான வாய்வழி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். 151 நோயாளர் பங்குகொண்ட அவ்வாய்வில், வாய்வழி மருந்துகளை மட்டும் பெற்றோருள் ஓராண்டின் பின் உயிரோடிருந்தோர் 16.3 வீதம், சிறிய அளவு நிவோலுமாப்பையும் பெற்றோருள் 43.4 வீதம்.

இம்முடிவை நாம் இருவகையாக வாசிக்கவேண்டியுள்ளது. வறுமை எழுப்பிய வினா அறிவியலை முன்னகர்த்தியது என்பது ஒன்று. தன் பண்டம் பத்திலொரு பங்கும் தேவைப்படாது விற்பனை குறையக்கூடுமென்பதைக் கண்டறிய எந்தக் கம்பெனியும் முந்திவராது. விலை கொடுக்க இயலாதவர் நடுவிலிருந்தே அவ்வினா எழமுடியும். மற்றொன்று, ஒப்பீட்டுக் குழுவினர் அம்மருந்தின்றி நின்றமைக்குக் காரணம் அவர்களது நாட்டின் பெரும்பான்மை நோயாளருக்கு அதுவே நடைமுறைச் சிகிச்சையாயிருந்தமை. வரலாறு நமக்குத் தந்த இந்த இருமுகத்தையும் மறைக்காது கூறுதல் வேண்டும்.

7

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வாய்ப்புற்றுநோயைப் பற்றி நாம் அறியவேண்டியவற்றுட் பெரும்பகுதி அறியப்பட்டுவிட்டது. எங்கு தோன்றுகின்றது, எதனால் தோன்றுகின்றது, எவ்வாறு காணலாம், எப்போது வெட்டவேண்டும் என்பவற்றுக்கெல்லாம் விடைகளுண்டு. இலங்கையில் 2016இற் புகையற்ற புகையிலைப் பொருள்களைத் தடைசெய்யும் விதிகளும் கொண்டுவரப்பட்டன. எஞ்சி நிற்பது, மேற்பரிசோதனைக்கு வராத அந்தப் பாதிப் பேர். அவர்களையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் வரலாறு இனித்தான் எழுதப்படவேண்டும். பரிசோதனைக்குச் செல்லும் நாளுக்குரிய சம்பளம், போக்குவரத்து, வேலைத்தலத்திலேயே வாயைப் பார்க்கும் ஏற்பாடு ஆகியன அறச்செயல்களல்ல. கேரள ஆய்வின் 34 வீதத்தை முழுமையாகப் பெறுவதற்கு வேண்டிய மருத்துவத் தேவைகள். தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெறத்தக்கவை.

நம்மைப் போன்றோருக்கும் இதிற் பணியுண்டு. மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். வெண்படலம் என்றால் என்ன, வலிக்காத புண்ணை ஏன் காட்டவேண்டும், கழுத்துக் கணு எதனைக் குறிக்கின்றது என்பவற்றைத் தோட்டத் தொழிலாளருக்கு அவர்தம் பேச்சுவழக்கில் எழுதிக் கொடுப்பதற்கு நாம் மருத்துவராயிருக்கவேண்டியதில்லை. மருத்துவருடன் அமர்ந்து அப்பணியைச் செய்தலே போதும். தாம்பூலத்தைப் பற்றி உவகையோடு எழுதிய நாம் அதன் மறுபக்கத்தையும் எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.